நல்ல பல்லைப் பிடுங்கிய கல்லூரி

வள்ளிக்கண்ணுவுக்குக் கல்லூரி பார்க்கத்தான் நாங்கள் மைசூர் ராஜ்யத்துக்குப் போனோம். வள்ளிக்கண்ணு என் மகள். பி.யூ.சி.யில் அவள் வாங்கிய மார்க் டாக்டர் படிப்புக்குக் கொஞ்சம் பற்றாது, பல் டாக்டர் படிப்புக்குப் போதும் என்றார்கள். சென்னையில் அரசாங்கக் கல்லூரிக்கு மனுப் போட்டு இன்டர்வியூ கார்டும் வந்திருந்தது. ஆனால் இடம் கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து என் மச்சினன் சின்னையா, மைசூர்ப் பக்கத்துத் தனியார் பல் கல்லூரி ஒன்றின் வழவழப்பான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருமயத்துக்கு வந்து இறங்கினான். அட்டையில் மலைமேல் ஒரு வெள்ளைக் கட்டடம். உள்ளே கோட்டுப் போட்ட பேராசிரியர்களின் படங்கள்.

“பணத்தைக் கட்டிட்டா சீட்டு நம்ம கையில அத்தான். ஏஜென்ட்டு எனக்கு ரொம்ப வேண்டியவரு. மெட்ராஸை நம்பி ஒக்காந்திருந்தா ரெண்டும் இல்லாமப் போயிரும்” என்றான்.

அவர்கள் கேட்ட நன்கொடைக்கு என் மனைவியின் பங்காக வந்த புஞ்சையை விற்க வேண்டும். கடலை போட்டால் ஒரு வருஷமும் எங்களை ஏமாற்றாத நிலம். அரிமளத்துக்காரர் ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக நின்றார். மனைவியும் சரி என்றுவிட்டாள். நான்தான் பிடி கொடுக்கவில்லை. எனக்குப் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை. டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யார் சொல்லையும் நம்பிப் பழக்கமில்லை.

“காலேஜைக் கண்ணால பாத்துட்டு வாரேன் மாப்ளே. அப்புறம் பேசுவோம்” என்றேன்.

எதற்காகப் பல் படிப்பு என்று ஊரில் கேட்காதவர் இல்லை. என் தம்பி ஒருவன் இருந்தான். கன்னம் வீங்கியிருந்த நேரத்தில் சந்தையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவனிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில், கீரனூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு பல்லுக்காக மனிதன் சாவானா என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. வள்ளிக்கண்ணு அப்போது சின்னப் பிள்ளை. சித்தப்பாவின் தோளில் வளர்ந்தவள்.

ரயிலில் எங்கள் எதிரே ஒரு ஜவுளி வியாபாரி. என்ன, எங்கே என்று விசாரித்தார். சொன்னேன்.

“பொட்டப் பிள்ளைக்குப் பல்லுப் புடுங்குற படிப்பா? ஊரான் வாயில கைய விட்ட பொண்ணை எவன் கட்டுவான்?” என்றார். சொன்னதோடு நிற்காமல் எங்கள் கைமுறுக்கையும் எடுத்துக் கடித்துக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் வள்ளிக்கண்ணு முந்திக்கொண்டாள். “ஒங்களுக்குப் பல்லு வலிச்சா யாருகிட்டங்க போவீங்க?”

“டாக்டருகிட்டத்தான்.”

“அந்த டாக்டரு யாரு வாயில கைய விடுவாரு?”

அவர் முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் நானும் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் ரொம்ப நாளாகச் சொத்தை. அது சுளீர் என்றது. இறங்கும்போது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். காலையில் ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். சாம்பாரில் வெல்லம். வலிக்கிற பல்லில் இனிப்புச் சாம்பார் பட்டால் எப்படி இருக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். பரிமாறியவரிடம் காரமாக ஏதாவது கொண்டுவரச் சொன்னேன். அவர் அக்கறையோடு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் அடுத்த கூத்து. கண்டக்டர் காசை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தார். டிக்கெட் கொடுக்கவில்லை. எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே கொடுக்கவில்லை. இது எப்படிப் பொறுக்கும்? எழுந்து நின்று தமிழிலேயே சத்தம் போட்டேன். அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: “காகிதம் வேணும்னா தபாலாபீசுக்குப் போகச் சொல்றார்.”

“அப்பா, நீங்க இங்க செக்கிங் இல்லப்பா. ஒக்காருங்க” என்று வள்ளிக்கண்ணு சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் கம்பெனியில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மலையேற்றத்தில் வண்டி நின்றுபோய், ஆண்கள் இறங்கித் தள்ளினோம். டிக்கெட் இல்லாத வண்டியைத் தள்ளவும் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

கட்டடம் படத்தில் இருந்தது போலவே வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்கூடத்தில் பல ஊர்த் தகப்பன்மார் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. செயலாளர் எங்களைக் கூப்பிட்டுப் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார். தமிழ் நன்றாகப் பேசினார். பேச்சில் மூன்று தடவை ‘லண்டன்’ வந்தது.

சுற்றிக் காட்டினார். பெரிய அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், எல்லாம் சீமையிலிருந்து வந்தவை. பாதிக்கு மேல் மெழுகுத்தாள் கூடப் பிரிக்கவில்லை. அடுத்த அறையில் மாணவர்கள் மாவுக்கட்டுப் பொடியில் வார்த்த தாடைகளை வைத்துக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

“ஒரு நாளைக்கு எத்தனை பேஷண்ட் வருவாங்க சார்?” என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.

“வருவாங்கம்மா. பஸ் வசதி இப்பத்தானே வந்திருக்கு. முதல்ல கட்டடம், அப்புறம் பேஷண்ட்.”

“புத்தகத்துல படம் போட்டிருக்கே, அந்தப் புரொபசருங்க?”

“இன்னிக்கு லீவு.”

“எல்லாருமா சார்?”

செயலாளர் என் கன்னத்தைப் பார்த்தார். “ஐயாவுக்குப் பல் வலியா? நம்ம பையன்களே பார்ப்பாங்க. காசு வேண்டாம். எங்க டிரெயினிங்கை நீங்களே அனுபவிச்சுப் பாருங்க!” என்றார். அனுபவித்தேன்.

மூன்றாம் வருஷ மாணவன் ஒருவன் வந்தான். தமிழ்ப் பையன், கோவில்பட்டிப் பக்கம். மாணிக்கம் என்று பெயர் சொன்னான். என் வாயைத் திறந்து பார்க்கும்போதே அவன் நெற்றியில் வேர்த்தது. ஊசி போட்டான். மரத்துப் போவதற்குள் பல் பிடுங்கும் குறட்டை உள்ளே விட்டான். நான் கத்தினேன். செயலாளர் வாசலில் நின்று, “பயப்படாதீங்க, அவ்வளவுதான்” என்றார். மாணிக்கம் இடுக்கி, ஆட்டி, கடைசியில் முழங்காலை நாற்காலியில் ஊன்றி இழுத்தான். பல் வந்தது. வாய் நிறையப் பஞ்சை வைத்து அடைத்தான்.

வள்ளிக்கண்ணு தட்டிலிருந்த பல்லை எடுத்துத் தண்ணீரில் கழுவினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இதுல சொத்தையே இல்லையே. இது நல்ல பல்லு.”

நாக்கால் துழாவினேன். பஞ்சுக்குப் பின்னால் என் சொத்தைப் பல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பல்தான் போயிருந்தது. நாலு ஊருக்குக் கேட்கும்படி திட்டுவதற்கு என்னிடம் வார்த்தை இருந்தது. வாயில்தான் இடமில்லை. “ம்ம்ம்!” என்று மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

“அதுவும் நாலு வருஷத்துல ஆடிப்போற பல்லுதான். முன்கூட்டியே எடுத்ததுல நஷ்டம் ஒண்ணும் இல்ல” என்றார் செயலாளர்.

வள்ளிக்கண்ணுவுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “சார், பக்கத்துல ஒரு டாக்டரு நின்னிருந்தா இது நடந்திருக்குமா? மூணு வருஷம் படிச்சவருக்கு எந்தப் பல்லுன்னு காட்டித்தர ஆளில்லாத எடத்துல நாங்க எதுக்குப் பணத்தைக் கட்டணும்?”

“நாளை சாயந்தரம் வரைதான் உங்க சீட். அதுக்கப்புறம் என்னைக் கேட்கக் கூடாது” என்று அவர் எழுந்துகொண்டார். ஒரு மன்னிப்பு இல்லை.

வெளிவாசலுக்கு வந்தபோது மாணிக்கம் பின்னால் ஓடிவந்தான். அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று கையை ஓங்கித்தான் திரும்பினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

“ஐயா, நான் புடுங்கின மொதப் பல்லு இது. புரொபசர் எப்பவாவது சனிக்கிழமை வருவார், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவார். எங்க பட்டத்துக்கு இன்னும் பல் டாக்டர் கவுன்சில் அங்கீகாரம்கூட வரல. எங்கப்பா தோட்டத்தை வித்துக் கட்டினாரு. தங்கச்சி, நீங்க இங்க சேர்ந்துராதீங்க.”

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் தோளில் வைத்தேன்.

இன்டர்வியூ நாள் நெருங்கியிருந்ததால் அங்கிருந்து நேரே சென்னைக்குப் போனோம். வலி முன்னைவிட அதிகம். வழியெல்லாம் பாலில் நனைத்த பன்தான் ஆகாரம். பட்டணத்தில் இறங்கியதும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் முதல் வேலையாக டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அவரைக் கும்பிடத் தோன்றியது.

அரசாங்கப் பல் ஆஸ்பத்திரி பார்வைக்கு ஒன்றுமில்லை. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. தாழ்வாரம் முழுக்கக் கன்னத்தில் துண்டு கட்டிய ஜனம். கிராம்புத் தைல நெடி. நாற்காலிகளின் தோல் கிழிந்து பஞ்சு தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆள் பக்கத்திலும் ஒரு மாணவர், அவர்களுக்கு நடுவே ஒரு டாக்டர் அம்மா சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

காலையில் வாங்கிய வரிசைச் சீட்டுக்கு மத்தியானம்தான் முறை வந்தது. அதற்குள் வரிசையை மீறி ஆள் விட்ட பியூனோடு ஒரு சண்டை போட்டிருந்தேன். என் வாயைப் பார்த்தது ஒரு மாணவி. பார்த்துவிட்டு டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“எந்தப் பல்? எண்ணிச் சொல்லு. சத்தமா” என்றார் அவர்.

மாணவி முன்பல்லிலிருந்து ஒவ்வொன்றாகக் முனையில் கண்ணாடி வைத்த கம்பியால் தொட்டு எண்ணினாள். காலியிடத்தில் நின்றாள்.

“இது எப்போ எடுத்தது?” டாக்டர் அம்மா என்னைக் கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த முகம் சிவந்தது. எந்தக் கல்லூரி என்று கேட்டு, பெயரைச் சொன்னதும், “அது ஒரு காலேஜா?” என்று மட்டும் சொன்னார். பிறகு மாணவியிடம், “இன்னிக்கு எடுக்கலாமா?” என்றார்.

“கூடாது மேடம். வீக்கம் இருக்கு. எடுத்தா சீழ் கழுத்துக்குப் பரவும்.”

“அவர்கிட்ட சொல்லு. ஊசி எழுதிக் கொடு. வீக்கம் வத்தினதும் வரட்டும்.”

இத்தனை நேரம் காக்கவைத்து, பிடுங்காமலே அனுப்புகிறார்களே என்று நான் குதித்திருக்க வேண்டியவன். ஊசி எழுதிய சீட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் வள்ளிக்கண்ணு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். “சித்தப்பாவுக்கு இதை ஒருத்தரும் சொல்லலையேப்பா” என்றாள். அந்த ஒரு வாக்கியம் தெரிந்த ஆள் எங்கள் தாலுகாவில் ஒருவர்கூட இல்லை. வெட்கக்கேடு.

மாணவியிடம் வள்ளிக்கண்ணு துருவித் துருவிக் கேட்டாள். காலேஜுக்குக் கட்டும் சம்பளம் கொஞ்சம்தானாம். புத்தகம்தான் விலையாம், சீனியர்களிடம் பழையது வாங்கலாமாம். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டுமாம். “கை மட்டும் சும்மா இருக்காது. சாயங்காலம் ஸ்பூன் பிடிக்கக்கூட விரல் வராது” என்று அவள் சிரித்தாள். என் மகள் முகத்தில் ஒரு பசி தெரிந்தது.

ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த நாட்களுக்கு நடுவில் இன்டர்வியூ வந்தது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அவள் திரும்பி வந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

“என்ன ஆத்தா கேட்டாக?”

“படிப்பைப் பத்தி ரெண்டு கேள்வி. அப்புறம் ஒருத்தரு, ‘பொண்ணுங்களுக்கு சீட்டு கொடுத்தா கல்யாணம் ஆனதும் அடுப்படிக்குப் போயிருவீங்க, ஒரு சீட்டு வீண்’னாருப்பா.”

“நீ என்ன சொன்னே?”

“இதுவரைக்கும் படிச்ச ஆம்பளைங்க யாருமே எங்க தாலுகாவுக்கு வரலீங்களே, அந்த சீட்டெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டேன்.”

சரியாகச் சொன்னாய் என்று அவளைத் தட்டிக்கொடுத்தேன். போச்சு, இனிமேல் சீட்டு கிடையாது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வீக்கம் வற்றியதும் அதே மாணவி அந்தச் சொத்தைப் பல்லை எடுத்தாள். மரத்துவிட்டதா என்று தட்டித் தட்டிக் கேட்டாள். எப்போது எடுத்தாள் என்பது தட்டில் சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், நன்கொடை கட்டும் கெடு தாண்டிவிட்டதே என்று மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் சின்னையா வந்தான்.

“நீங்க வேணாம்னா என்ன அத்தான், அந்த சீட்டுக்கு ஆளா இல்ல? கீரனூர்ல எனக்குத் தெரிஞ்சவரு பொண்ணுக்கு முடிச்சுக் கொடுத்திட்டேன். பணமும் கட்டியாச்சு.”

“முடிச்சுக் கொடுத்ததுல ஒனக்கு என்ன கெடைச்சுச்சு?”

அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். ஏஜென்ட் கமிஷன் கொடுத்திருக்கிறான். என் பெண்ணுக்கும் அதே கமிஷனுக்குத்தான் அலைந்திருக்கிறான். அதைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. நாங்கள் எழுந்து வந்த இடத்தில் இன்னொரு பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த பஸ்ஸிலேயே வள்ளிக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு கீரனூருக்குப் போனேன்.

அந்த மனிதர் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர். நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு, “ஒங்க பொண்ணுக்கு வாய்க்கலேங்கிற வயித்தெரிச்சல்ல பேசுறீங்க” என்றார். எழுந்துவிட்டேன். அவர் மகள் கதவோரம் நின்றவள், வள்ளிக்கண்ணுவைப் பார்த்து, “அக்கா, அங்க பேஷண்டே வர்றதில்லையா?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் இல்ல. எங்கப்பாதான் வந்தாரு.”

அந்தப் பெண் தகப்பனாரிடம், “நான் போகலப்பா” என்றாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “கட்டின பணம்?” என்றார், குரல் இறங்கி.

“வாங்க. போயிக் கேப்போம்” என்றேன்.

லீவு சொல்லிவிட்டு அவரோடு மறுபடி அந்த மலைக்குப் போனேன். இந்தத் தடவை என் வாயில் பஞ்சு இல்லை. செயலாளர் டீ வரவழைத்தார். தொடவில்லை. பணம் திரும்பத் தர விதியில்லை என்றார். “அப்ப வெளியில ஒக்காந்திருக்கவுகளுக்கும் அந்த விதியைச் சொல்லிட்டு வாரேன்” என்று முன்கூடத்துக்கு வந்தேன். பையோடு உட்கார்ந்திருந்த தகப்பன்மார் நடுவில் நின்று, எனக்கு நேர்ந்ததை, பேராசிரியர் இல்லாததை, அங்கீகாரம் இல்லாததை, மெழுகுத்தாள் பிரிக்காத நாற்காலிகளை, உரக்கச் சொன்னேன். ஒரு ஆந்திராக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்க, அவர் தெலுங்கில் சொல்வது காதில் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த மாணவர் கூட்டத்தில் மாணிக்கம் இருந்தான். “அவரு சொல்றது நெசம். தப்பான பல்லைப் புடுங்கினது நான்தான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

செயலாளர் அவசரமாகக் கீரனூர்க்காரரை உள்ளே அழைத்துப் போனார். முக்கால் பணம் திரும்பி வந்தது. மீதியை எந்தக் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. மாணிக்கத்தை எங்களோடு கிளம்பச் சொன்னேன். “மூணு வருஷம் போச்சேங்கய்யா. எங்கப்பாகிட்ட என்னன்னு போயிச் சொல்றது?” என்றான்.

இரண்டாவது லிஸ்டில் வள்ளிக்கண்ணுவின் பெயர் வந்தது. சென்னையில் சேர்ந்தாள். புஞ்சையில் அந்த வருஷமும் கடலை போட்டோம். கேட்கிறவர்கள் எல்லாம், தப்பித்துக்கொண்டீர்கள் என்கிறார்கள். நான் அந்த முன்கூடத்தை நினைத்துக்கொள்கிறேன். நான் பேசி முடித்ததும் ஆந்திராக்காரர் எழுந்தார், அவரோடு இன்னொருவர் எழுந்தார். மற்றவர்கள் மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கள் முறை எப்போது வரும் என்று உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.